ஹெக்டர் செய்த குற்றம் என்ன?

ஆங்கிலத்தில் ‘ஹெக்டர்’ ஒரு வினைச்சொல். ஒருவரை விடாமல் அதட்டுவது, உருட்டி மிரட்டிப் பணியவைப்பது என்று பொருள். ஒரு மேலதிகாரியின் குரலை ‘ஹெக்டரிங்’ என்று எழுதியிருந்தால் அது பாராட்டு இல்லை. ஆனால் ஹோமரின் இலியட்டில் வரும் ஹெக்டர் அப்படிப்பட்ட ஆளே அல்ல. தம்பி பாரிஸ் இழுத்துவந்த வம்புக்காக, ஊரைக் காக்கப் போரிடுகிறவன். ஆறாம் காண்டத்தில் மனைவியிடம் விடைபெற வருகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். காவியம் முடிவதே அவனுடைய ஈமச்சடங்கில்தான். இடைக்கால ஐரோப்பா தன் ஒன்பது மாவீரர் வரிசையில் அவனுக்கும் இடம் கொடுத்திருந்தது.

கெட்டது 17ஆம் நூற்றாண்டு லண்டனில். குடித்துவிட்டுத் தெருவில் போவோர் வருவோரை வம்புக்கிழுத்த இளைஞர் கும்பல்களுக்கு ‘ஹெக்டர்கள்’ என்று பெயர். வீராப்புக்கு வைத்த பெயர், சில பத்தாண்டுகளில் அவர்கள் செய்த வேலையின் பெயராகிவிட்டது. இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பலருக்கு அந்த வினைச்சொல்லுக்குள் ஒரு டிராய் இளவரசன் இருப்பதே தெரியாது.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. கும்பகர்ணன் என்றால் தூக்கம். கம்பனில் அவன் அண்ணனுக்கு இடித்துரைத்தவன், சீதையை விட்டுவிடு என்றவன். வீடணன் வந்து அழைத்தபோது, வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பிய அண்ணனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்தவன். ‘கும்பகர்ணன் மாதிரி’ என்று காலை எட்டு மணிக்குப் பிள்ளையைத் திட்டுகிற யாருக்கும் இதெல்லாம் வேண்டியதில்லை. தூக்கம் ஒன்று போதும்.

கதைப்பெயர் சொல்லாகும்போது கதை முழுவதும் கூட வருவதில்லை. அதில் ஒரே ஒரு கீற்றுதான் வருகிறது. ஆங்கிலம் படிக்கிறவரும், அதைவிட ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவரும் சறுக்குவது இங்கேதான். கதை தெரியாததால் வரும் பிழையைவிட, கதை முழுதாகத் தெரிந்திருந்து எந்தக் கீற்று எடுக்கப்பட்டது என்று தெரியாததால் வரும் பிழை அதிகம்.

டேன்டலஸை எடுத்துக்கொள்வோம். கடவுளர்களுடன் உட்கார்ந்து உண்ணும் தகுதி பெற்றிருந்த மன்னன். அவர்களுடைய அறிவைச் சோதிக்க நினைத்துத் தன் மகன் பெலோப்ஸையே வெட்டிச் சமைத்துப் பரிமாறினான் என்பது ஒரு வடிவம். மற்றவர்கள் கண்டுகொண்டார்கள், மகளைப் பறிகொடுத்த துயரத்தில் இருந்த டிமீட்டர் மட்டும் கவனமில்லாமல் தோள்பகுதியைத் தின்றுவிட்டாள். பிள்ளையை உயிர்ப்பித்தபோது அந்தத் தோளுக்குத் தந்தம் வைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கறி கேட்டதும் நமக்குச் சிறுத்தொண்டர் நினைவு வரும். ஆனால் அது பக்தி, இது ஆணவம்.

இவ்வளவு கொடூரத்தில் ஆங்கிலம் எதை எடுத்தது? தண்டனையை மட்டும். ஒடிசியின் பதினோராம் காண்டத்தில் பாதாள உலகைப் பார்க்கும் ஒடிசியஸ் சொல்கிறான்: டேன்டலஸ் மோவாய் வரை தண்ணீரில் நிற்கிறான். குனிந்தால் தண்ணீர் வற்றிக் கறுத்த தரை தெரிகிறது. தலைக்கு மேல் பேரியும் மாதுளையும் அத்தியும் தொங்குகின்றன. கையை நீட்டினால் காற்று கிளையை மேகத்துக்குத் தூக்கிவிடுகிறது. 16ஆம் நூற்றாண்டின் முடிவில் ‘டேன்டலைஸ்’ என்ற வினை வந்தபோது கொலையும் இல்லை, விருந்தும் இல்லை. கண்ணுக்கு எட்டி கைக்கு எட்டாதது மட்டும் மிஞ்சியது. இன்று உணவகப் பட்டியலில் ‘டேன்டலைசிங்’ என்று போடுகிறார்கள். பிள்ளையைக் கறிசமைத்தவன் பெயரைச் சாப்பாட்டுக்கு விளம்பரமாக வைப்பது தெரிந்து செய்கிற காரியம் அல்ல.

இதே கீற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பொருள்கள் பெயர் பெற்றன. ஒன்று வீட்டுச் சாமான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதுக்குப்பிகளை மரச்சட்டத்தில் வரிசையாக வைத்து, மூடிகளின் மேல் ஒரு குறுக்குத் தண்டைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வேலைக்காரர்களுக்குக் கண்ணாடி வழியே மது தெரியும், ஊற்ற முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் டேன்டலஸ். இன்னொன்று உலோகம். சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் எக்கபரி 1802இல் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். அதன் ஆக்சைடை அமிலத்துக்குள் எவ்வளவு ஊறப்போட்டாலும் அது அமிலத்தை ஏற்கவில்லை. தண்ணீருக்குள் நின்றும் குடிக்க முடியாதவன் நினைவுக்கு வர, டேன்டலம் என்று வைத்தார். பிறகு 1844இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் ரோஸ், டேன்டலத்தோடு ஒட்டியே கிடைக்கும் இன்னொரு தனிமத்துக்கு நியோபியம் என்று பெயரிட்டார். நியோபி, டேன்டலஸின் மகள். கதை தெரிந்தவர் வைத்த பெயர் இப்படித்தான் உட்கார வேண்டும். கைப்பேசிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மின்தேக்கிகளில் இன்றும் அப்பா இருக்கிறார்.

கீற்றை அளந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் பிரிந்து நிற்கும். கடினமான வேலை என்பதற்கு ஆங்கிலத்தில் குறைந்தது நான்கு கிரேக்கப் பெயர்கள் உண்டு. ‘ஹெர்குலியன்’ என்றால் பெரும்பலம் கேட்கிற வேலை, முடியக்கூடியது. ஹெர்குலிஸ் தனக்கு இட்ட பன்னிரண்டு வேலைகளையும் முடித்தான். ‘சிசிஃபியன்’ என்றால் முடியவே முடியாத வேலை. சாவையே ஏமாற்றிய சிசிஃபஸ் மலையுச்சிக்குப் பாறையை உருட்டுகிறான். உச்சியைத் தொடும்போது அது திரும்ப உருண்டுவிடும். இங்கே பலம் பேச்சே இல்லை, பலன் இல்லாமைதான் பேச்சு. ‘ஆஜியன்’ என்றால் அளவைவிட அழுக்கு முக்கியம்: எலிஸ் நாட்டு மன்னன் ஆஜியஸின் மாட்டுத்தொழுவம். மூவாயிரம் மாடுகள், முப்பது ஆண்டுச் சாணி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஹெர்குலிஸ் அல்ஃபியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆறுகளைத் திருப்பிவிட்டு ஒரே நாளில் கழுவினான். அதனால்தான் ஊழல் மண்டிய அலுவலகத்தைச் சுத்தம் செய்வதற்கு ஆங்கிலப் பத்திரிகைகள் இதை எடுக்கின்றன. வீடு மாற்றுவது ஹெர்குலியன் ஆகலாம், ஆஜியன் ஆகாது. நான்காவது, டனேயஸின் மகள்கள் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது. இது ஆங்கிலத்தில் அரிது, விட்டுவிடலாம்.

தொழுவக் கதையில் ஒரு பின்குறிப்பு உண்டு, யாரும் சொல்வதில்லை. வேலைக்குக் கூலியாக மாடுகளில் பத்தில் ஒன்று தரவேண்டும் என்று ஹெர்குலிஸ் முன்பே பேசிவைத்திருந்தான். கூலிக்குச் செய்ததைக் கணக்கில் சேர்க்கமுடியாது என்று, பன்னிரண்டு வேலைகளையும் ஏவிய மன்னன் யூரிஸ்தியஸ் தள்ளிவிட்டான். ஒப்பந்தக்காரர்களுக்குப் பழகிய அனுபவம்.

தமிழில் ஹெர்குலியனுக்குப் ‘பகீரதப் பிரயத்தனம்’ கச்சிதமாகப் பொருந்தும். பெருமுயற்சி, கடைசியில் கங்கை வந்துவிடுகிறது. ஆனால் சிசிஃபஸுக்கு அதை வைத்தால் பொருள் தலைகீழாகும். அவனுக்கு ‘விழலுக்கு இறைத்த நீர்’ நெருங்கிவரும். முழுதாக ஒட்டாது, விழலுக்கு இறைத்தவன் மறுநாள் இறைக்காமல் இருக்கலாம், சிசிஃபஸுக்கு அந்த உரிமை கிடையாது. மீண்டும் மீண்டும் செய்தே தீரவேண்டும் என்பது முக்கியமான இடத்தில் பழமொழியை விட்டுவிட்டு நேராக எழுதுவதே நல்லது.

இப்படி அருகில் வந்து ஏமாற்றும் இன்னொரு இணை, சில்லா-கரிப்டிஸும் இருதலைக் கொள்ளி எறும்பும். மாணிக்கவாசகர் ‘இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு’ என்று பாடியது நம் வழக்கில் ஆழமாக ஊறிக்கிடப்பதால், ‘பிட்வீன் சில்லா அண்ட் கரிப்டிஸ்’ என்று கண்டதும் கை தானாக அதை எழுதிவிடும். பல இடங்களில் சரிதான். ஆனால் எறும்புக்கு இரண்டு பக்கமும் ஒரே நெருப்பு, ஒதுங்க வழியில்லை. ஒடிசியஸுக்கு இருந்தவை இரண்டு வேறு வேறு ஆபத்துகள். ஒரு பக்கம் ஆறு தலை அரக்கி சில்லா. எதிர்ப்பக்கம் கப்பலையே விழுங்கும் சுழல் கரிப்டிஸ். சில்லா பக்கம் ஒட்டிப்போ, கப்பலை மொத்தமாக இழப்பதைவிட ஆறு பேரை இழப்பது மேல் என்று சூனியக்காரி சர்சி முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆறு பேர்தான் போனார்கள். ஆக, அங்கே ஒரு தேர்வு நடக்கிறது. பொருளாதாரக் கட்டுரையில் பணவீக்கத்துக்கும் வேலையின்மைக்கும் நடுவே அரசு என்று இந்தத் தொடர் வந்தால், எழுதியவர் எதை விட்டுக்கொடுப்பது என்ற தேர்வைப் பற்றித்தான் பேசுகிறார். எறும்பை அங்கே கொண்டுவந்தால் அரசு பரிதாபத்துக்குரியதாகிவிடும்.

பண்டோராவும் அப்படியே. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்று போடுகிறோம். கிணறு வெட்டியவன் நல்லெண்ணத்தோடு வெட்டினான். பூதம் அவன் எதிர்பாராதது. உலகின் தீமைகளெல்லாம் அடைபட்டிருந்த பெட்டியைத் திறந்துவிட்டவள் பண்டோரா. அவள் கதையில் திறந்ததே பிழை, திறந்தால் மூடமுடியாது என்பது கீற்று. இதோடு சேர்த்துப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பெட்டியே கிடையாது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் எழுதியது ‘பித்தோஸ்’. தானியமும் எண்ணெயும் மதுவும் சேமிக்கும் ஆளுயரத் தாழி. ஏறக்குறைய நம் குதிர். டயோஜெனிஸ் என்ற துறவி குடியிருந்ததாகச் சொல்வதும் இப்படிப்பட்ட தாழிக்குள்தான். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் பழமொழித் தொகுப்பை லத்தீனில் எழுதும்போது பித்தோஸ் இருக்கவேண்டிய இடத்தில் ‘பிக்சிஸ்’ வந்துவிட்டது. அது சின்னச் செப்பு. ஐரோப்பா முழுவதும் தாழி பெட்டியாகிவிட்டது. ஓவியர்களுக்கு வசதி, ஒரு பெண் கையில் செப்பைக் கொடுக்கலாம், ஆளுயரத் தாழியைக் கொடுக்க முடியாது. இப்போது போய்த் தாழி என்று திருத்தவேண்டுமா? வேண்டாம். பழைய கிரேக்கத்தைப் பற்றி எழுதினால் தாழி, ஆங்கில உருவகத்தை மொழிபெயர்த்தால் பெட்டி. தாழியின் அடியில் கடைசியாக நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது என்ற துண்டையும் சிலர் எடுத்தாள்வார்கள். அது தனிக் கீற்று. முதலாவதோடு கலக்கக் கூடாது.

இலியட்டில் இருப்பதாகப் பலரும் சத்தியம் செய்யும் ஒரு விஷயம் அதில் இல்லை: அக்கிலீஸின் குதிகால். ஹோமரின் அக்கிலீஸுக்கு உடம்பில் எங்கே வெட்டினாலும் ரத்தம் வரும். இருபத்தொன்றாம் காண்டத்தில் அஸ்டெரோபியஸ் எறிந்த ஈட்டி அவன் கையைக் கீறி ரத்தமும் வருகிறது. தாய் தெட்டிஸ் குழந்தையைக் குதிகாலில் பிடித்துக்கொண்டு ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கினாள் என்பது நம் கைக்குக் கிடைக்கும் எழுத்தில் கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் முதலில் தெரிகிறது. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆகவே ‘ஹோமர் சொன்ன அக்கிலீஸின் குதிகால்’ என்று எழுதக் கூடாது. பயன்பாட்டில் நடக்கும் தவறு வேறு: பல பலவீனங்களில் ஒன்றுக்கு இதைச் சொல்லக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் பலமாக இருப்பவருக்கு இருக்கும் ஒரே ஓட்டை அது. துரியோதனன் தொடை நமக்கு நல்ல ஒப்புமை. காந்தாரி பார்வை படாத இடம் என்ற கதையும் அதே அச்சுதான். ஆனால் தொடை தமிழில் உருவகமாக வழங்கவில்லை. வலிந்து போட்டால் வாசகர் வேறெங்கோ போய்விடுவார்.

டிரோஜன் குதிரையில் தவறு பெயரிலேயே இருக்கிறது. குதிரையைச் செய்தவர்கள் கிரேக்கர்கள், உள்ளே ஒளிந்தவர்கள் கிரேக்கர்கள். டிராய்க்காரர்கள் ஏமாந்தவர்கள். 1970களில் கணினிப் பாதுகாப்பு எழுத்துகளில் ‘டிரோஜன் ஹார்ஸ்’ என்ற பெயர் புழங்கத் தொடங்கியது. பயனுள்ள நிரலாகத் தோற்றம் காட்டி, நாமே உள்ளே அனுமதித்தபின் வேலையைக் காட்டும் நிரல். உவமை அபாரம். பிறகு குதிரை உதிர்ந்து ‘டிரோஜன்’ மட்டும் நின்றது. பலியானவன் பெயர் திருடனுக்குப் போய்விட்டது. வைரஸிலிருந்து இதைப் பிரிப்பதும் கதைதான்: வைரஸ் தானே படியெடுத்துப் பரவும், டிரோஜனை நாம்தான் வாசலைத் திறந்து இழுத்துவர வேண்டும். இதற்கிடையே ஆங்கிலத்தில் ‘டிரோஜன் மாதிரி உழைத்தான்’ என்றொரு பழைய வழக்கு பாராட்டாகவே இன்னும் உயிரோடு இருக்கிறது.

மென்டர் இன்னும் வேடிக்கை. ஒடிசியில் அவர் ஒரு முதியவர். ஒடிசியஸ் போருக்குப் போகும்போது வீட்டுப் பொறுப்பை அவரிடம் விட்டுப்போனான். திரும்பி வருவதற்குள் வீடு முழுக்க மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்து ஆடுமாடுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பை நிறைவேற்றிய லட்சணம் அது. மகன் டெலமாக்கஸுக்கு வழிகாட்டிய ‘மென்டர்’ பெரும்பாலும் அவர் உருவெடுத்து வந்த அத்தீனா தேவி. அப்படியானால் ஞானகுரு என்ற பொருள் எங்கிருந்து வந்தது? 1699இல் பிரெஞ்சுப் பேராயர் ஃபெனலான், தான் கல்வி கற்பித்த இளவரசனுக்காக எழுதிய ‘டெலமாக்’ கதையிலிருந்து. அதில் மென்டர் பக்கம் பக்கமாக உபதேசம் செய்கிறார். ஐரோப்பா எங்கும் அதைப் படித்தார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே மென்டர் பொதுப்பெயராகிவிட்டது. பிறகு 20ஆம் நூற்றாண்டு அலுவலகங்கள் அந்தப் பெயரின் வாலை லத்தீன் விகுதி என்று எண்ணி வெட்டி, ‘மென்டீ’ என்று மாணவனுக்கு ஒரு சொல் செய்தன. நாரதர் என்ற பெயரில் ‘அர்’ விகுதியைக் கழற்றிவிட்டு, அவரிடம் மாட்டிக்கொண்டவருக்கு வேறு விகுதி ஒட்டுவது போல.

அட்லஸ் தூக்கியது வானத்தை, பூமியை அல்ல. தோளில் உருண்டையோடு நிற்கும் பழைய சிலையில் இருப்பது விண்கோளம். மெர்க்கேட்டரின் நிலப்படத் தொகுப்பு அவர் இறந்த மறு ஆண்டான 1595இல் ‘அட்லஸ்’ என்ற தலைப்போடு வந்தது. அவர் மனத்தில் இருந்தவன் தண்டனை சுமந்த அந்த டைட்டன்கூட அல்ல. முதல் விண்கோளத்தைச் செய்ததாக அவர் நம்பிய, மௌரித்தேனியாவின் அறிஞ மன்னன் அட்லஸ். உடற்கூறு நூல்களில்தான் சுமை சரியாக நிற்கிறது: கழுத்தெலும்புகளில் முதலாவது, மண்டையோட்டைத் தாங்குவது, அட்லஸ்.

சைரனை மறக்க முடியாது. பாடி மயக்கிக் கப்பலைப் பாறைக்கு இழுத்தவர்கள். பழைய கிரேக்கக் குடங்களில் பெண்தலை கொண்ட பறவைகள். மீன்வால் பிற்காலச் சேர்க்கை. 1819இல் பிரெஞ்சுக்காரர் கன்யார் த லா தூர், துளையிட்ட வட்டத்தட்டுச் சுழன்று ஒலியெழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார். தண்ணீருக்கு அடியிலும் அது ஒலித்தது. அதனால் கடற்பாடகிகள் பெயர். ஆபத்தை நோக்கி இழுத்த குரல், விலகிப்போ என்று எச்சரிக்கும் கருவிக்கு வந்து சேர்ந்தது இப்படி. நம் ஆலைத் தொழிலாளர்கள் அதே கருவியைச் ‘சங்கு’ என்றார்கள். என் கட்சி சங்குதான்.

சில பெயர்களில் கீற்றே தலைகீழாகிவிட்டது. மைடஸ் தொட்டதெல்லாம் பொன்னானது, சோறும் பொன்னானது. பசியில் துடித்து, வரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கெஞ்சி, பேக்டோலஸ் ஆற்றில் குளித்துக் கழுவினான். வணிகப் பக்கங்களில் ‘மைடஸ் டச்’ இப்போது கலப்படமில்லாத புகழ்ச்சி. நெமிசிஸ் அளவு மீறியவனுக்கு உரிய தண்டனையைக் கொண்டுவரும் தெய்வம். விளையாட்டுச் செய்தியில் அது வெறும் பரம எதிரி. இரண்டுமே நிலைத்துவிட்டன, சண்டைபோட்டுப் பயனில்லை. ஆனால் கசாண்ட்ராவை விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்போலோ அவளுக்கு வருங்காலம் சொல்லும் வரம் கொடுத்தான். அவன் காதலை அவள் மறுத்தபின், யாரும் நம்பமாட்டார்கள் என்று சாபமும் சேர்த்தான். அவள் சொன்ன அத்தனையும் நடந்தது. எப்போதும் அழிவையே பாடும் அபசகுனக்காரரைக் கசாண்ட்ரா என்று திட்டுகிறவர், அந்த ஆள் சொல்வது உண்மை என்று தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிறார்.

ஜோவியல், சாட்டர்னைன், மெர்க்யூரியல், மார்ஷியல் ஆகியவற்றுக்குப் புராணத்தைத் தேடவே வேண்டாம். வியாழன், சனி, புதன், செவ்வாய்: சோதிடம் வழியே வந்தவை. வியாழன் உதயத்தில் பிறந்தவன் கலகலப்பானவன், சனியில் பிறந்தவன் சிடுமூஞ்சி. இடியை ஏந்தி ஊரை நடுங்கவைத்த ஜுபிடரிடம் கலகலப்பைத் தேடினால் கிடைக்காது. ‘சனியன்’ என்று வைகிற நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

வரலாற்று மனிதர்கள் பெயரில் வந்தவற்றில் கீற்று இன்னும் கூர்மையாக இருக்கும். ஏதென்ஸில் டிராக்கோ கி.மு. 621 வாக்கில் சட்டம் எழுதினார். சின்னத் திருட்டுக்கும் மரணம். ஏன் என்று கேட்டதற்கு, சின்னக் குற்றத்துக்கே மரணம் தகும், பெரியதற்கு அதைவிடப் பெரிது என்னிடம் இல்லை என்றாராம், புளூட்டார்க் சொல்கிறார். ‘டிராகோனியன்’ எனவே வெறும் கண்டிப்பு இல்லை, குற்றத்துக்குப் பொருந்தாத கொடுமை. பள்ளியில் கைப்பேசிக்குத் தடை டிராகோனியன் ஆகாது. கொண்டுவந்த மாணவனை நீக்கினால் ஆகும். கி.மு. 279இல் தென் இத்தாலியில் ஆஸ்குலத்தில் ரோமரை வென்ற கிரேக்க மன்னன் பிரஸ், இன்னொரு முறை இப்படி வென்றால் ஒழிந்தோம் என்றான். ‘பிரிக்’ வெற்றிக்கு வெற்றி உண்மையில் நடந்திருக்க வேண்டும், விலை அதை விழுங்கியிருக்க வேண்டும். நூலிழையில் வென்ற தேர்தலுக்கு இந்தச் சொல் பொருந்தாது.

சொற்சுருக்கத்தைக் குறிக்கும் ‘லக்கானிக்’, ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா நாட்டுப் பெயர். மாசிடோனியாவின் பிலிப், நான் லக்கோனியாவுக்குள் நுழைந்தால் உங்களைத் துரத்திவிடுவேன் என்று எழுதினான். பதிலாக வந்தது ஒரே சொல்: ‘நுழைந்தால்’ என்பதன் ‘-ஆல்’ மட்டும். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அது தனிச் சொல்லாக நிற்கும். தமிழில் விகுதி. அதனால் மொழிபெயர்ப்புகளில் ‘ஒருவேளை நுழைய நேர்ந்தால்’ என்று நீட்டி, சுருக்கத்துக்குப் பேர்போன பதிலைக் கொன்றுவிடுகிறார்கள். ‘நுழைந்தால்!’ என்று நிறுத்தினால் போதும். நம் இலக்கணம் ஒரு வினையைக் கூடவே கொடுத்தாலும் அது ஒரே சொல்தான்.

ஆங்கிலப் பக்கத்தில் ஒரு பெயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோல் முதலெழுத்து. பெரிய எழுத்தில் உடைமையுருபோடு நின்றால் (அக்கிலீஸின், பண்டோராவின்) கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘ஹெர்குலியன்’ மாதிரிப் பெயரடையானால் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், பாதி வழி. ஹெக்டர், டேன்டலைஸ், பேனிக் என்று சின்ன எழுத்தில் வினையாகவோ பொதுப்பெயராகவோ வந்துவிட்டால் கதை செத்தது. முதல் வகையை மொழிபெயர்க்கும்போது பெயரை வைத்துக்கொள்ளலாம். வாசகருக்குத் தெரியாது என்று தோன்றினால் வாக்கியத்துக்குள்ளேயே நாலு சொல்லில் கதையைக் கரைத்துவிடலாம். மூன்றாம் வகையில் பெயரைக் கொண்டுவரவே கூடாது. ‘அவர் ஹெக்டரைப் போல அதட்டினார்’ என்பது இரட்டைப் பிழை. நடுவகைக்குத்தான் பகீரதன் போன்றவர்கள் உதவுவார்கள், அதுவும் கட்டுரையாசிரியரின் குரலில். லண்டன் பாத்திரம் ஒன்று உரையாடலில் பகீரதப் பிரயத்தனம் செய்தால் வாசகர் சிரித்துவிடுவார். பெயர்களை எழுதும்போது கிரேக்க வழிவந்த ‘சி-எச்’ எழுத்துக்கூட்டு ககரமாகவே ஒலிக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்: கரிப்டிஸ், கைமீரா, அராக்னி. சரிப்டிஸ் அல்ல.

மத்தியதரைக் கடலை விட்டு இந்தப் பக்கம் வந்தால் மூன்று சொற்கள் காத்திருக்கின்றன. ‘செரண்டிப்பிட்டி’க்குப் பிறந்தநாளே உண்டு: 1754 ஜனவரி 28. ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் ஒரு கடிதத்தில் அதை உருவாக்கினார். செரண்டிப் இலங்கையின் அரபு, பாரசீகப் பெயர். சேரன் தீவுதான் அப்படி ஆயிற்று என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு; அறிஞர்கள் பொதுவாக ஏற்பது சிங்களத் தீவு என்ற வடமொழி வடிவத்தை. செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் கதையில், வழியில் தென்பட்ட தடயங்களை வைத்தே தாம் பார்த்திராத விலங்கின் குறைகளைச் சொல்கிறார்கள். இடப்பக்கப் புல் மட்டமாக இருந்தும் அதை மட்டும் மேய்ந்திருப்பதால் அதற்கு வலக்கண் குருடு. வால்போல் கோவேறு கழுதை என்று எழுதினார், மூலத்தில் ஒட்டகம். நம் நாலு மந்திரி கதையிலும் காணாமல்போன ஒட்டகத்தை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். வால்போல் வைத்த இலக்கணத்தில் இரண்டு பாதி: தேடாதது தற்செயலாகக் கிடைப்பது, கிடைத்ததை இன்னதென்று அறியும் கூரறிவு. இரண்டாம் பாதி உதிர்ந்து இன்று அது வெறும் அதிர்ஷ்டம். ‘எதிர்பாரா அதிர்ஷ்டம்’ என்று தமிழில் போடுவது பேச்சுவழக்குக்குச் சரி. அறிவியல் கட்டுரையில், பூஞ்சை விழுந்த தட்டைக் கழுவிக் கொட்டாமல் உற்றுப்பார்த்த ஃபிளெமிங்கைப் பற்றி வரும்போது போதாது. அங்கே பார்த்த கண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

‘ஜகர்நாட்’ பூரி ஜகந்நாதர். 14ஆம் நூற்றாண்டில் வந்த பாதிரியார் ஓடரிக், பக்தர்கள் தேர்ச்சக்கரத்தில் தாமே விழுந்து மடிவதாக எழுதிவைத்தார். பதினாறு சக்கரத் தேரில் உலகநாதன் வருவதைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுவதில் ஐரோப்பியக் கண்ணுக்குப் பட்ட கீற்று நசுக்குவது மட்டும். இன்று தடுக்கமுடியாத பெருஞ்சக்தி எதுவும் ஜகர்நாட். பிரிட்டனில் பெரிய லாரிக்கும் அதுவே பெயர். தமிழில் திரும்ப ஜகந்நாதர் என்று எழுதினால் கோயில் செய்தி ஆகிவிடும். ‘அசுரபலம்’ என்பது பல இடத்தில் போதும்.

மூன்றாவது ‘பரையா’. தமிழ்ச் சொல்தான், பறையர் என்ற பெயர் போர்ச்சுகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் சமூகம் ஒதுக்கிவைத்த எவருக்கும் உருவகமாயிற்று. டேன்டலஸும் ஹெக்டரும் இருந்தார்களா என்பதே சந்தேகம். அவர்கள் பெயரை யார் எப்படித் தேய்த்தாலும் நோகிறவர் இல்லை. இது உயிரோடு இருக்கிற ஒரு சமூகத்தின் பெயர். பறை என்ற கருவியை, அதன் தொழிலை, நிலத்தோடு இருந்த உறவை எல்லாம் விட்டுவிட்டு, பிறர் இழைத்த ஒதுக்கலை மட்டும் அவர்களுடைய பெயரின் பொருளாக ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. ‘இன்டர்நேஷனல் பரையா’ என்று ஒரு நாட்டைப் பற்றி ஆங்கிலச் செய்தி வந்தால் தமிழில் ‘உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாடு’ என்று எழுத வேண்டும். ஒலிபெயர்த்து ‘பரையா’ என்று இடையின ரகரத்தில் போட்டுத் தப்பிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. படிக்கிற எவரும் அதை வல்லின றகரமாகத்தான் படிப்பார்கள்.